கோழிக்காலில் கசியவில்லை, எலியில் அடைத்துக்கொள்கிறது: 1 மி.மீ. தமனி இணைப்பில் எங்கே தப்பு செய்கிறேன்?

#1 பத்துஜீரோ
ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சி.எச். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடையில் கோழித்தொடை வாங்கி வந்து, உள்ளே ஓடும் தமனியைப் பிரித்தெடுத்து, வெட்டி, 10-0 நைலானில் (தலைமுடியை விட மெல்லிய நூல்) தைத்துப் பழகுகிறேன். (தைத்த கோழி அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்காதீர்கள். என் அறைத்தோழன் இதைப் படிக்கக்கூடும்.) ஆரம்பத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இப்போது பத்துத் தையல், முப்பத்தைந்து நிமிடம். சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றிப் பார்த்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது.

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில் முதல் முறையாக உயிருள்ள எலி. மயக்கம் கொடுத்த எலியின் தொடைத் தமனி, ஏறக்குறைய 1 மி.மீ. இரண்டு நாளில் நான்கு இணைப்பு தைத்தேன். இரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கிளாம்பை எடுத்தவுடன் நான்குமே அழகாகத் துடித்தன. பக்கத்து மேசைக்காரர் கைகூடக் கொடுத்தார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் நான்கும் அடைத்துக் கிடந்தன.

என் கை கொஞ்சம் நடுங்கும். அதுதான் காரணமா? காபியை நிறுத்தி ஆறு நாள் ஆகிறது. இன்னும் மெல்லிய 11-0 நூலுக்கு மாறலாமா? இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் கூட்டலாமா? மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது.

#2 கப்ளர்காரன்
திங்கள், காலை 6.05

நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. பதினைந்து மடங்கு பெருக்கிப் பார்த்தால் யார் கையும் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் ஆடும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரம் முழுக்க மேசையில் படியட்டும். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். அசைய வேண்டியது விரல்கள் மட்டும். நாற்காலி உயரத்தைச் சரிசெய்தாலே பாதி நடுக்கம் போய்விடும்.

ஆனால் நான்குக்கு நான்கு அடைத்தது நடுக்கத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுக்கம் ஒன்றைக் கெடுக்கும், இரண்டைக் கெடுக்கும். எல்லாம் ஒரே மாதிரி கெட்டால் ஏதோ ஒரு பழக்கம் தப்பு.

#3 பழையகத்தி
திங்கள், காலை 9.40

தம்பி, முதலில் காபியைக் குடியுங்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலியோடுதான் மைக்ரோஸ்கோப்பில் உட்கார வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல் என் கண்ணில் குத்தியது: ‘துடித்தன’. துடிப்பு வேறு, ஓட்டம் வேறு. அடைத்துக்கொண்ட குழாயும் துடிக்கும். மேலிருந்து வருகிற அலை அடைப்பில் முட்டி, குழாயை நீளவாக்கில் இடிக்கும். அது பார்க்க நல்ல துடிப்பு மாதிரியே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, இணைப்புக்குக் கீழே குழாய் அகலவாக்கில் விரிந்து சுருங்குகிறதா என்பதை. சந்தேகம் இருந்தால் இணைப்புக்குக் கீழே இரண்டு ஃபோர்செப்ஸால் (கூர்முனைச் சாமணம்) அருகருகே மெல்லப் பிடியுங்கள். கீழே இருப்பதை அப்படியே இன்னும் கீழே வழித்துக்கொண்டு போனால் நடுவில் குழாய் காலியாகித் தட்டையாகும். இப்போது மேலே இருப்பதை விடுங்கள். சட்டென்று நிரம்பினால் ஓடுகிறது, மெதுவாக நிரம்பினால் பிரச்சினை ஆரம்பித்துவிட்டது, நிரம்பவே இல்லையென்றால் கதை முடிந்தது. அறுவை மருத்துவர் ராபர்ட் அக்லண்ட் தன் பயிற்சிக் கையேட்டில் சொல்லிக்கொடுத்த சோதனை இது. ஆசைக்காக நாலு தடவை செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளுறை, அதாவது குழாயின் உட்சவ்வு, நசுங்கும்.

அடுத்தது உங்கள் கோழி. கோழிக்காலில் ஓடுவது தண்ணீர். தண்ணீருக்கு ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. உள்ளுறை கிழிந்த இடம், உள்ளே தொங்கும் ஒரு நார், மடங்கிய விளிம்பு, இவற்றைத் தேடிப்பிடித்து ஒட்டுவதுதான் அவற்றின் வேலை. அதனால் நெருக்கமாக, இறுக்கமாக, நிறையத் தைக்கிறவருக்குக் கோழி நூற்றுக்கு நூறு போடும். எலி பெயிலாக்கும். உங்கள் பத்துத் தையலைப் பார்த்தால் கோழி உங்களைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? அடுத்த முறை அடைத்துக்கொண்டால் தூக்கிப் போடாதீர்கள். இணைப்பை இரண்டு பக்கமும் 3 மி.மீ. விட்டு வெட்டி எடுங்கள். நீளவாக்கில் பிளந்து, புத்தகத்தைத் திறப்பது போல் விரித்து, பெரிதாக்கி உள்ளேயிருந்து பாருங்கள். வெளியே வரிசையாக, அழகாக இருந்த தையல் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியும். நான் படித்த காலத்தில் எங்கள் தலைமை மருத்துவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். கத்தரிக்கோலை எடுத்து நேரே பிளந்துவிடுவார். முதல் முறை எனக்கு அழுகையே வந்தது.

மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிற இந்தத் துறை ஆரம்பித்ததே கையால் அல்ல, கண்ணால். 1960இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் ஜூலியஸ் ஜேக்கப்சனிடம் ஒரு வேலை வந்தது. ஒரு மருந்தாய்வுக்காக நாயின் கழுத்துத் தமனிக்குப் போகும் நரம்புகளை முழுக்க அறுக்க வேண்டும். தமனியையே வெட்டி மறுபடி தைத்துவிட்டால் நரம்பும் அறுந்துவிடும் என்று தொடங்கினார். சரியாக வரவில்லை. கைக்கு முடிகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு, காது அறுவைக்காரர்கள் வைத்திருந்த மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். 1.4 மி.மீ. குழாய்களைக்கூட அடைப்பில்லாமல் இணைக்க முடிந்தது. அவர் கை அதே கைதான்.

#4 பத்துஜீரோ
திங்கள், இரவு 10.15

நன்றி சார். பிளந்து பார்க்கத் தோன்றவே இல்லை. எலிகளை முடித்துவிட்டார்கள், அடுத்த வகுப்பு இரண்டு வாரம் கழித்து. அதுவரை கோழியைப் பிளந்து பார்க்கிறேன். எத்தனை தையல்தான் சரி?

#5 கப்ளர்காரன்
செவ்வாய், காலை 5.50

1 மி.மீ. தமனிக்கு ஆறு முதல் எட்டு போதும். ஒவ்வொரு தையலும் குழாய்க்குள் விடப்பட்ட ஒரு வெளிப்பொருள், சுவரில் போடப்பட்ட இரண்டு ஓட்டைகள். 10-0 நூல் என்பது 20 முதல் 29 மைக்ரான். தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆனால் அதை இழுத்துப் போகிற ஊசி பெரும்பாலும் 75 மைக்ரான் அளவில் இருக்கும். அதாவது ஓட்டை நூலை விடப் பெரிது. 11-0க்கு மாறி ஒன்றும் ஆகப்போவதில்லை. அதெல்லாம் அரை மி.மீ. குழாயைத் தைக்கிறவர்களுக்கு.

இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இணைப்பில் விட்டம் பாதியானால் அந்த இடம் பழைய ஓட்டத்தில் பதினாறில் ஒரு பங்கைத்தான் விடும். நீளமான குழாய் முழுக்கக் குறுகினால்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும், இணைப்பு ஒரு குட்டி இடம் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறுகிய இடத்தைத் தாண்டியதும் ஓட்டம் சுழல்கிறது, சுழல்கிற இடத்தில் உறைகிறது.

நான் செய்வது: முதல் இரண்டு தையலையும் நேரெதிரே 180 பாகையில் போடாமல், முன்பக்கம் 120 பாகை இடைவெளியில் போடுவேன். இங்கிலாந்தில் கோபெட் என்ற அறுவை மருத்துவர் சொன்ன வழி. அந்த இரண்டையும் இழுத்துப் பிடித்தால் பின்சுவர் பெரிய பகுதியாக இருப்பதால் தானாகத் தொங்கி விலகி நிற்கும், ஊசியில் மாட்டாது. அப்புறம், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி இரண்டு தையலை முடிச்சுப் போடாமல் நூலை விட்டுவைக்கிறேன். உள்ளே ஹெப்பாரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சி, கண்ணால் பார்த்துவிட்டு, கடைசியில் சேர்த்து முடிச்சு. எத்தனை பின்சுவர்த் தையல்களை இதில் பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் வெட்கம்.

சிரையாக இருந்தால் நான் தைப்பதே இல்லை. கப்ளர். பெயரைப் பார்த்தாலே தெரியுமே.

#6 சும்மாபடிப்பவன்
செவ்வாய், மதியம் 1.30

நான் டாக்டர் இல்லை, வேறு எதையோ தேடி இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். கப்ளர் என்றால் தண்ணீர்க் குழாய்க்குப் போடுவோமே, அந்த மாதிரியா?

#7 கப்ளர்காரன்
செவ்வாய், மாலை 4.10

ஏறக்குறைய அதேதான்! இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு எஃகு முட்கள். சிரையின் முனையை வளையத்துக்குள் நுழைத்து, சட்டைக் கையை மடிப்பது போல் வெளிப்பக்கம் மடித்து முட்களில் குத்த வேண்டும். மறுமுனைக்கும் அதே. பிறகு கருவியின் குமிழைத் திருகினால் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உள்ளுறை உள்ளுறையோடு ஒட்டும். உள்ளே நூலும் இல்லை, முள்ளும் இல்லை. 1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை அளவுகள் உண்டு. இன்றைய வடிவத்துக்கு மூலம் 1986இல் ஸ்வீடனில் ஓஸ்ட்ரப்பும் பெர்க்ரெனும் வெளியிட்ட கருவி. சிரைக்கு நான்கைந்து நிமிடம். தமனிச் சுவர் தடிமன், அப்படி மடங்காது. அதனால் தமனிக்கு இன்னும் ஊசிதான்.

#8 பழையகத்தி
செவ்வாய், இரவு 8.00

கப்ளர் நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் படிக்கிற பையனிடம் முதலிலேயே அதைச் சொல்லாதீர்கள். ஒரு தடவை போட்டால் முடிந்தது, விலையும் கொஞ்சமில்லை. நம் ஊர் அரசு மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்குக் கை துண்டாகி வருகிறவனுக்கு அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கிறதோ அதுதான். நூல் எப்போதும் இருக்கும்.

#9 கப்ளர்காரன்
செவ்வாய், இரவு 9.25

சார், விலை உண்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து களைத்தவர் தைக்கிற சிரையை விட, அதே ஆள் போடுகிற கப்ளர் நம்பகமானது. தைக்கத் தெரியாமல் கப்ளர் போடுகிறவரைப் பற்றி நான் பேசவில்லை. தெரிந்தும் வீம்புக்குத் தைக்கிறவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

#10 பழையகத்தி
செவ்வாய், இரவு 9.50

வீம்பு என்று என்னைத்தான் சொல்கிறீர்கள். சரி, கொஞ்சம் உண்டு.

ஆனால் இரண்டு பேரும் தையலையே பேசிக்கொண்டிருக்கிறோம். இணைப்பு கெடுவது பெரும்பாலும் ஊசியை எடுப்பதற்கு முன்பே. குழாயை நசுங்கிய இடத்தில் தைத்தால் தேவலோகத்துத் தச்சனே வந்தாலும் அடைக்கும். மிஷினில் இழுபட்டு அறுந்த விரலில் வெட்டுமுனை வெளியே நன்றாகத் தெரியும், உள்ளுறை இன்னும் மேலே கிழிந்து சுருண்டிருக்கும். வெட்டு, பார். பளபளப்பாக இல்லையா, இன்னும் வெட்டு. தமனியின் மேல்முனையிலிருந்து இரத்தம் பீய்ச்சி அடிக்க வேண்டும், வழிந்தால் போதாது. நீளம் பற்றாமல் போனால் முன்கையிலிருந்து சிரைத் துண்டு எடுத்து நடுவில் வைத்துக்கொள்ளலாம். வால்வு ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்காதபடி அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது. நீளம் பற்றவில்லை என்று நசுங்கியதை வைத்தே இழுத்துத் தைப்பதுதான் இளைஞர்கள் செய்கிற பெரிய தப்பு. நானும் செய்திருக்கிறேன். அன்று விரல் போனது.

பத்துஜீரோ, நீங்கள் எலியில் வெட்டியது கூர்மையான கத்தரிக்கோல்தானே? அங்கே இந்தப் பிரச்சினை வராது. அப்படியானால் வெளியுறையை, அதாவது குழாயின் வெளிப்பக்கத்து நார்ப் போர்வையை, முனையில் சீவினீர்களா?

#11 பத்துஜீரோ
செவ்வாய், இரவு 11.55

சீவினேன் சார்... கொஞ்சம். கோழியில் அதை விட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் பழக்கமாகவில்லை.

#12 பழையகத்தி
புதன், காலை 6.30

கோழியில் ஒன்றும் ஆகாது. அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#13 கடிகாரக்கடை
புதன், காலை 11.00

திருச்சியில் கடிகாரம் பழுதுபார்க்கிறேன், அப்பா காலத்துக் கடை. ஒரு டாக்டர் தன் ஃபோர்செப்ஸைக் கூர்தீட்டக் கொண்டுவருவார், அவர்தான் இந்த இழையைக் காட்டினார். நீங்கள் பிடிக்கும் 3ஆம் நம்பர், 5ஆம் நம்பர் சாமணம் எல்லாம் எங்கள் தொழில் சாமணம்தான். சுவிட்சர்லாந்தில் கடிகாரக்காரருக்குச் செய்தது உங்களிடம் வந்திருக்கிறது.

அந்த டாக்டர் ஒருமுறை, ‘ஊசி ஃபோர்செப்ஸிலேயே ஒட்டிக்கொள்கிறது, விட்டால் விழமாட்டேன் என்கிறது’ என்று நொந்துகொண்டார். சாமணத்துக்குக் காந்தம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். எஃகு காந்தத்தின் பக்கத்தில் கிடந்தால் ஏறிவிடும். கடிகாரச் சுருளில் காந்தம் ஏறினால் மணி தாறுமாறாக ஓடும், அதனால் காந்தம் நீக்கும் குட்டிப் பெட்டி எங்கள் எல்லோரிடமும் இருக்கும். மூன்று விநாடி வேலை. டைட்டானியத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று அவரே சொன்னார்.

இன்னொன்று. முனை இரண்டும் சரியாகச் சந்திக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு முறை தரையில் விழுந்த சாமணத்தை நான் திரும்ப நம்புவதில்லை.

#14 பத்துஜீரோ
புதன், இரவு 10.40

அண்ணே, நூறு முறை ஊசியைத் திட்டியிருக்கிறேன். காந்தம்! நன்றி.

#15 பீளமேடுலேத்
வியாழன், இரவு 8.20

தைக்கிறவர்கள் பேசுகிறீர்கள், தைக்கப்பட்டவன் நான் ஒருவன் எழுதலாமா? கோவையில் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை. எட்டு வருடத்துக்கு முன் இடது கட்டைவிரல் முழுசாகப் போனது. வலி என்று அப்போது ஒன்றும் தெரியவில்லை, விரல் தரையில் கிடந்ததுதான் தெரிந்தது.

கூட வேலை பார்த்தவர் நல்லெண்ணத்தில் டீக்கடையில் ஐஸ் வாங்கி, டம்ளரில் போட்டு, விரலை நேரே அதில் இறக்கிவிட்டார். பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குத்தான் முதலில் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் பார்த்தவுடன் சத்தம் போட்டார். வெளியே எடுத்து, உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைத்தார். விரல் ஐஸைத் தொடவே கூடாதாம், திசு உறைந்து செத்துவிடுமாம். எங்கள் பட்டறைச் சுவரில் இப்போது இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பெரிய மருத்துவமனையில் ஆறு மணி நேரம். எலும்பைக் கொஞ்சம் குறைத்தார்கள், அப்போதுதான் குழாய் இழுபடாமல் சேருமாம். என் இடது கட்டைவிரல் அரை சென்டிமீட்டர் குட்டை. இன்று ஸ்பேனர் பிடிக்கிறேன். ஊட்டிக்குப் போனால் மட்டும் அந்த விரல் கடுக்கும், மற்ற ஒன்பதும் சும்மா இருக்கும்.

நான்காம் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்த மச்சான் ஒரு பீடி கொடுத்தான். கழிவறையில் போய் இரண்டு இழுப்பு. திரும்பி வந்து கால் மணி நேரத்தில் சிஸ்டர் விரலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விரல் வெளுத்திருந்தது. என்னத்தைச் சொல்ல. சூடாகப் போர்த்தி, ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து நிறம் வந்தது. மச்சானை அப்புறம் உள்ளே விடவே இல்லை.

#16 இரவுப்பணி
வியாழன், நள்ளிரவு 12.50

பீளமேடு அண்ணா, அந்த சிஸ்டர் நானாகக்கூட இருக்கலாம். அந்த முகத்தை நிறைய பேரிடம் பார்த்திருக்கிறேன். நிகோட்டின் குழாயைச் சுருக்கிவிடும். தைத்த இடம் ஏற்கெனவே சுருங்கத் தயாராக இருக்கும்.

மைக்ரோ வார்டில் பதினொரு வருடம். டாக்டர்கள் எழுந்து போனபின் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் நாள் மணிக்கு ஒருமுறை பார்க்கிறோம். ஏசியை நிறுத்திவிடுவோம், குளிரில் குழாய் சுருங்கும். நோயாளிக்கு வியர்த்துக்கொட்டும், சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்து, சில்லென்று, திரும்பாமல் இருந்தால் தமனிப் பக்கம் கோளாறு. நீலம் பாரித்து, விம்மி, அழுத்திய நொடியே நிறம் ஓடி வந்தால் சிரை அடைத்திருக்கிறது: வந்த இரத்தம் வெளியே போக வழியில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள், ‘நிறம் சீக்கிரம் வருகிறதே, நல்லதுதானே’ என்று நினைத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

புத்தகத்தில் இருக்கும் படங்கள் எல்லாம் வெள்ளைத்தோல். நம் ஊரில் தொடையிலிருந்து எடுத்து வைத்த கருந்தோல் ஃபிளாப்பில் (இரத்தக் குழாயோடு இடம் மாற்றிய தோல்சதை), டியூப்லைட் வெளிச்சத்தில், நீலம் பாரித்தது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. சந்தேகம் வந்தால் டாக்டர் ஊசியால் ஒரு குத்து குத்திப் பார்ப்பார். பளிச்சென்ற சிவப்பு மெதுவாக வந்தால் சரி. கறுத்த இரத்தம் குபுகுபுவென்று வந்தால், உடனே ஆபரேஷன் தியேட்டர். ஒன்றுமே வராவிட்டாலும் தியேட்டர். டாப்ளரை வைத்துச் சத்தமும் கேட்போம்.

கெடுகிறவை பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் கெடும். ஒரு மணி நேரத்தில் திரும்பத் திறந்தால் காப்பாற்றலாம், விடியட்டும் என்று விட்டால் போச்சு. ‘சிஸ்டர், எல்லாம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு எழுப்பினீங்க’ என்று திட்டு வாங்கிய இரவுகள் எனக்கு உண்டு. அதற்காக ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் இருந்ததில்லை.

#17 சும்மாபடிப்பவன்
வெள்ளி, காலை 7.15

என் தாத்தா சித்த வைத்தியர், கெட்ட இரத்தத்துக்கு அட்டை விடுவார். சிரை அடைத்து இரத்தம் தேங்கினால் அதற்கும் அட்டை விடலாமா? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

#18 கப்ளர்காரன்
வெள்ளி, மாலை 5.35

விடுகிறார்கள்! 1985இல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் காதை ஒட்டவைத்த ஜோசப் அப்டன், காது நீலம் பாரித்தபோது அட்டைகளைத் தருவித்துக் காப்பாற்றினார். மருத்துவப் பயனுக்கு அட்டையை விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இல் அனுமதித்தது. அது குடிக்கிற இரத்தம் கொஞ்சம்தான். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், அது விழுந்தபின்னும் கடித்த இடம் மணிக்கணக்கில் கசியும். புதுச் சிரைகள் முளைக்கும் வரை அந்தக் கசிவுதான் வடிகால். ஆனால் அட்டையின் வயிற்றில் ஏரோமோனாஸ் என்ற கிருமி குடியிருக்கிறது, அதற்கு ஆன்டிபயாடிக் சேர்த்தே கொடுக்க வேண்டும். குளத்திலிருந்து பிடித்து வந்து வீட்டில் விடுகிற வேலை வேண்டாம். தமனி அடைத்திருந்தால் அட்டையால் ஒரு பயனும் இல்லை.

#19 இரவுப்பணி
வெள்ளி, இரவு 9.10

எங்கள் வார்டில் அட்டை இல்லை. விரல் நுனியாக இருந்தால் நகத்தை எடுத்துவிட்டு, ஹெப்பாரினில் நனைத்த பஞ்சு வைத்துக் கசியவிடுவோம். மணிக்கு மணி பஞ்சு மாற்றி, துடைத்து, மறுபடி கசியவிட்டு. அட்டை பரவாயில்லை, தானாக வேலை செய்யும்.

#20 பழையகத்தி
சனி, காலை 10.00

சிஸ்டர் எழுதியதை என் மாணவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

பீளமேடு தம்பி, உங்கள் கட்டைவிரலுக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறது. முழுசாகத் துண்டான கட்டைவிரலை மைக்ரோஸ்கோப் வைத்து முதலில் ஒட்டியது 1965இல், ஜப்பானில் நாராவில், கோமாட்சுவும் தமாயும். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஷாங்காயில் சென் ஜோங்வெய் ஒரு தொழிலாளியின் துண்டான கையை ஒட்டியிருந்தார். ஆனால் கை மணிக்கட்டில் குழாய் பெரிது. விரலில் 1 மி.மீ.

கலிஃபோர்னியாவில் ஹாரி பங்க்கி வீட்டு காரேஜில் முயல் காதுகளை வெட்டி ஒட்டிப் பழகினார். அந்த அளவுக்குச் சின்ன ஊசி கடையில் கிடைக்கவில்லை. நூலின் முனையிலேயே உலோகம் பூசி ஊசியாக்கிக்கொண்டார். உங்கள் பத்துத் தையல் கோழி பரவாயில்லை தம்பி, அவருக்கு முயல் காது எத்தனை கறுத்து விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கமும் இதில் பின்தங்கவில்லை. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் வெங்கடசுவாமி உருவாக்கிய கை அறுவைத் துறை, கோவையில் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜா சபாபதியின் குழு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்து கற்றுப் போகிறார்கள். 2018இல் ஸ்டான்லியில் இரண்டு கைகளையும் இழந்தவருக்கு வேறொருவரின் கைகளையே வைத்தார்கள். அரசு மருத்துவமனையில்!

#21 பத்துஜீரோ
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

வகுப்பிலிருந்து இப்போதுதான் வந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் எலியில் வேண்டுமென்றே பழைய மாதிரியே தைத்தேன். எதிர்பார்த்தபடி பதினெட்டாவது நிமிடத்தில் அடைத்தது. வெட்டி எடுத்துப் பிளந்து பார்த்தேன். சார் சொன்னது போல அழுகை வரவில்லை, ஆனால் யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன். மூன்று தையலில் வெளியுறை நார் ஊசியோடு உள்ளே போயிருந்தது, வெள்ளையாக, பாசி மாதிரி மிதந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உறைகட்டி வளர்ந்திருக்கிறது. அது மட்டுமில்லை. ஓரத்திலிருந்து ரொம்பத் தள்ளி ஊசி போட்டிருக்கிறேன். முடிச்சை இறுக்கும்போது விளிம்பு உள்பக்கம் சுருண்டு ஒரு வரப்பு கட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வரப்புதான் ‘கசியாத அழகான இணைப்பு’.

இரண்டாவது எலியிலிருந்து மாற்றினேன். வெளியுறையை முனைக்கு மேல் இழுத்து, காலுறையை உருவுவது போல், ஒரே வெட்டு. சுவரின் தடிமன் எவ்வளவோ அதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மடங்கு தள்ளி ஊசி. உள்ளுறையை ஃபோர்செப்ஸால் கடிக்கவே இல்லை, முனையை உள்ளே வைத்து ஊசிக்கு முட்டுக்கொடுத்ததோடு சரி. ஏழு தையல். விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டவுடன் முடிச்சை இறுக்குவதை நிறுத்தினேன். கீழ்க் கிளாம்பை முதலில் எடுத்தேன், பிறகு மேல் கிளாம்ப். கசிந்தது! பதறிப்போய் இன்னொரு தையல் போடப் போனேன். பயிற்சியாளர் கையைத் தட்டிவிட்டு, மேலே கொஞ்சம் கொழுப்பை வைத்து மூடி, ‘இரண்டு நிமிடம் சும்மா உட்கார்’ என்றார். நின்றுவிட்டது.

அப்படி நான்கு. இருபது நிமிடத்தில் மூன்று ஓடின. சோதனை ஒரே தடவைதான் செய்தேன், சட்டென்று நிரம்பியது. நான்காவதைப் பிளந்தேன்: பின்சுவரைச் சேர்த்துப் பிடித்த ஒரே ஒரு தையல். அதில் கடைசி இரண்டு நூலையும் விட்டுவைக்காமல், நேரமாகிறது என்று முடிச்சுப் போட்டிருந்தேன். கப்ளர்காரன் சார், மன்னிக்கவும்.

காபி குடித்துவிட்டுத்தான் போனேன். கை நடுங்கியது. மூன்றும் ஓடின.

#22 கப்ளர்காரன்
திங்கள், காலை 6.00

நான்கில் மூன்று. என் முதல் வகுப்பில் எனக்கு நான்கில் ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.

#23 பழையகத்தி
திங்கள், காலை 8.45

நன்று. ஓடிய மூன்றையும் பிளந்து பார்த்தீர்களா?

#24 பத்துஜீரோ
திங்கள், இரவு 11.05

இல்லை சார்... ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

#25 பழையகத்தி
செவ்வாய், காலை 6.20

அடுத்த முறை அதையும் பிளங்கள். ஓடினாலும் உள்ளே தப்பு இருக்கும்.

அப்புறம் சிரைக்குப் போங்கள். எலியின் தொடைச் சிரை தமனிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவர் நனைந்த வெங்காயச் சருகு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாய் எங்கே என்றே தெரியாது. அங்கே ஃபோர்செப்ஸால் துழாவாதீர்கள். உப்புநீரை நிரப்பி அதில் மிதக்கவிட்டால் தானே வாய் திறக்கும். தண்ணீருக்குள்ளேயே தையுங்கள். நீல ரப்பர் துண்டு ஒன்றை அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் கண் வலிக்கும்.

#26 கடிகாரக்கடை
செவ்வாய், மதியம் 12.15

பத்துஜீரோ தம்பி, திருச்சிப் பக்கம் வந்தால் சாமணத்தை எடுத்து வாருங்கள். காந்தம் நீக்கித் தருகிறேன், காசு வேண்டாம். கோழியை மட்டும் கொண்டுவராதீர்கள்.